ரகசியத்தை முன்பே சொன்ன டைரக்டர்

மர்மக் கதை என்றால், ரகசியத்தைக் கடைசிப் பக்கம் வரை மூடி வைப்பார்கள்.

கதை முடியும் முன்பே ரகசியத்தைப் போட்டு உடைத்தார் ஒருவர். அதன் பிறகும் ரசிகர்களை எழுந்திருக்க விடவில்லை!

அவர்தான் ஆல்பிரட் ஹிட்ச்காக்.

லாக்கப்பில் சிறுவன்

1899-ம் ஆண்டு, லண்டனை அடுத்த லேட்டன்ஸ்டோனில் பிறந்தார். தகப்பனார் காய்கறி, கோழி வியாபாரி.

ஒரு நாள் தகப்பனார் மகனிடம் ஒரு சீட்டைக் கொடுத்துப் போலீஸ் நிலையத்துக்கு அனுப்பினார். சீட்டைப் படித்த போலீஸ்காரர், சிறுவனைச் சில நிமிடம் லாக்கப்பில் பூட்டினார்! இந்தக் கதையை ஹிட்ச்காக் ஆயுள் முழுவதும் சொல்லி வந்தார்.

1920-ல், பேசாத படங்களுக்கு எழுத்து அட்டை தயாரிக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு டைரக்டர் ஆனார். 1926-ல் ஆல்மா என்ற பெண்ணை மணந்தார். ஆல்மா சினிமா எடிட்டர். கணவருக்கு அவர் சொல்லே வேதம்.

குண்டு வெடித்தது

1936-ல் "சபோடேஜ்" என்ற படம் எடுத்தார். ஜோசப் கான்ராட் எழுதிய நாவல் அது.

ஒரு சிறுவன் பொட்டலத்துடன் பஸ்ஸில் போகிறான். உள்ளே வெடிகுண்டு! அது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். கடிகார முள் நகர்கிறது.

குண்டு வெடித்தது. சிறுவன் செத்தான்.

நாவலிலும் அவன் சாகத்தான் செய்கிறான். ஆனால் அந்தச் சாவு கண்முன்னே நடப்பதில்லை. படத்திலோ, ரசிகர்கள் அவனுடனேயே பஸ்ஸில் போனார்கள். எப்படியும் பிழைப்பான் என்று நம்பினார்கள். அவர்களுக்கு வந்ததே கோபம்! தாம் செய்தது தவறு என்று ஹிட்ச்காக் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இரு பெண்களா?

அமெரிக்கா போன பிறகு, 1958-ல் "வெர்டிகோ" வந்தது. பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தழுவியது.

முன்னாள் துப்பறிவாளன் ஒருவன், நண்பனின் மனைவியைக் கண்காணிக்கிறான். அவள் மீது காதல் கொள்கிறான். அவள் கோபுரத்தில் இருந்து விழுந்து சாகிறாள். பிறகு, அதே சாயலில் இன்னொரு பெண்ணைச் சந்திக்கிறான்.

உண்மையில் அவள்தான் இவள்! செத்தது நண்பனின் நிஜ மனைவி. இவள் மனைவியாக நடித்தவள்.

நாவல் இதைக் கடைசி வரை சொல்லாது. ஹிட்ச்காக், படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே சொல்லிவிட்டார்.

அந்தக் காட்சி வேண்டுமா, வேண்டாமா என்று படம் வெளிவரும் முன்பு பெரிய வாக்குவாதம். ஹிட்ச்காக்கே தயங்கினார். கடைசியில் காட்சி நிலைத்தது.

நிலைத்ததே நல்லது. மறைத்திருந்தால் ஒரு நிமிட அதிர்ச்சியோடு போயிருக்கும். இப்போதோ, அவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவள் மீது இரக்கமும் பிறக்கிறது.

வெளிவந்தபோது படம் பெரிதாக ஓடவில்லை. 2012-ல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை விமர்சகர்களிடம் ஓட்டு எடுத்தது. உலகின் சிறந்த படமாக வந்தது "வெர்டிகோ"!

பூட்டிய கதவு

1960-ல் "சைக்கோ". நாவலை எழுதியவர் ராபர்ட் பிளாக். இதில் ஹிட்ச்காக் நேர்மாறாகச் செய்தார்.

நாவல், விடுதிக்காரனிடம் தொடங்குகிறது. அவன் தடித்த, நடுவயதுக்காரன். படமோ, பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணிடம் தொடங்குகிறது. விடுதிக்காரன் ஒல்லியான, கூச்சமுள்ள வாலிபன் ஆகிவிட்டான்.

அவள்தான் கதாநாயகி என்று நம்பி நாம் கூடவே போகிறோம். பாதிப் படம் ஆகுமுன் குளியல் அறையில் அவள் கொலை! ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தக் கொலையைப் படம் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

மீதிக் கதையைப் படம் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறோம். ஹிட்ச்காக்கும் அதைக் கடைசி வரை மூடி வைத்தார். படம் தொடங்கிய பின் யாரையும் கொட்டகைக்குள் விடக்கூடாது என்று உத்தரவே போட்டார்!

1980 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்சில் காலமானார். சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசுக்கு 5 முறை அவர் பெயர் போயிற்று. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை.