முயல்கள் காட்டிய உண்மை

வாப்பா மாரடைப்பால் மௌத்தானபோது, வயது போனால் வருவதுதானே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் நம்பினேன். பின்னர் வகுப்புக்காக நிக்கொலாய் அனிச்கோவ் பற்றி வாசித்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

1885இல் ருஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் பிறந்தவர் அவர். நாடிகள் தடிப்பது முதுமையின் விளைவே என்றுதான் அக்கால வைத்தியர்கள் பலரும் கருதினர். 1913இல் அவரும் சலாத்தோவும் தூய கொலஸ்ட்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தனர். முயல்களின் நாடிச் சுவர்களில் கொழுப்பு படிந்தது. நோயெதிர்ப்புக் கலங்கள் அக்கொழுப்பை விழுங்கி வீங்கிக் கிடந்ததையும் அனிச்கோவ் நுணுக்குக்காட்டியில் கண்டார். வயது மட்டும் காரணமல்ல என்பது புலனானது.

ஆனால் எலிகளிலும் நாய்களிலும் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. அவ்விலங்குகளின் உடல் கொலஸ்ட்ரோலைப் பித்த அமிலமாக இலகுவில் மாற்றிவிடும். இதனால் பலர் அவருடைய ஆய்வைப் புறந்தள்ளினர். சுமார் நாற்பது ஆண்டுகளின் பின், அமெரிக்காவில் கோஃப்மன் செய்த ஆய்வுகளே அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தன. அனிச்கோவ் 1964இல் காலமானார்.

வலீமாக்களில் சஹனைச் சுற்றி அமரும்போது, கொலஸ்ட்ரோல் பார்த்தீர்களா என்று இப்போது நண்பர்களிடம் கேட்கிறேன். வாப்பாவிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.