தொட்டிலில் கிடைத்த ஓட்டு

ஏழே ஏழு ஓட்டு! ஜெர்மானியப் பேரரசுக்கு ஒரு பேரரசனைத் தேர்ந்தெடுக்க அந்நாளில் இருந்த ஓட்டுகள் அவ்வளவுதான். மக்கள் உழுதனர், நெய்தனர், வரி கொடுத்தனர், போர் மூண்டால் உயிரையும் கொடுத்தனர். ஓட்டு மட்டும் அவர்களிடம் இல்லை.

1356-ல் பேரரசன் நான்காம் சார்லஸ் வெளியிட்ட பொன் முத்திரைப் பட்டயம் இதைச் சட்டமாக்கிற்று. மைன்ஸ், டிரியர், கொலோன் ஆகிய நகரங்களின் பேராயர்கள் மூவருக்கு மூன்று ஓட்டு. பொஹீமியாவின் முடி தரித்தவனுக்கு ஒன்று. பாலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் கோமான்களுக்கு மூன்று. இந்தக் கோமான்களின் ஓட்டு நிலம்போல, நகைபோல, தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குப் போகும். வாரிசு அற்றுப்போனால் பங்காளி வீட்டுக்குப் போகும். 1559-ல் பாலட்டினேட்டின் மூத்த கிளை அற்றுப்போனபோது, சிம்மர்ன் கிளைக்கு அப்படித்தான் போயிற்று. பெயர் தேர்தல், நடந்ததோ பரம்பரைப் பாத்தியதை!

அந்தச் சிம்மர்ன் கிளையில் 1596-ல் பிறந்தவன் ஐந்தாம் பிரடெரிக். 1610-ல் தந்தை இறந்தார். பதினான்கு வயதுச் சிறுவன் ஓட்டுரிமைக் கோமான் ஆனான். என்ன தகுதி? தந்தைக்கு மூத்த மகன். அந்தத் தகுதி போதும்! வயது வரும்வரை உறவினர் ஒருவர் அவன் பெயரால் ஆட்சி நடத்தினார்.

1613-ல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்சின் மகள் எலிசபெத்தை லண்டனில் மணந்தான். தலைநகரான ஹைடல்பர்க்கில், அவளுக்காக மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து எழில்மிகு தோட்டம் எழுப்பினான். அந்த இன்பம் நீடித்ததா? இல்லை.

1618-ல் பொஹீமியா பொங்கி எழுந்தது. புராட்டஸ்டண்டுக் கோயில்கள் மூடப்பட்டதைப் பொறாத பிரபுக்கள், மன்னன் பெர்டினாண்டின் ஆளுநர்களைப் பிராக் அரண்மனைச் சாளரத்திலிருந்து கீழே தள்ளினர். 1619 ஆகஸ்டில் பெர்டினாண்டை நீக்கிவிட்டு, பிரடெரிக்கை மன்னனாகத் தேர்ந்தெடுத்தனர்.

அதே ஆகஸ்டில் பிராங்க்பர்ட் நகரில் பேரரசன் தேர்தல். வேட்பாளர் பெர்டினாண்டு. பொஹீமிய மன்னன் என்ற உரிமையைக் காட்டி, அவன் தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொண்டான்! பிரடெரிக்கின் தூதரும் கடைசியில் அவனுக்கே ஓட்டளித்தார். அப்படிப் பேரரசனானவனின் மணிமுடியைத்தான், 1619 நவம்பர் 4-ல் பிரடெரிக் பிராக் பேராலயத்தில் தன் தலையில் ஏற்றான்.

ஏற்றவன் ஊரின் மனத்தை அறிந்தானா? அவனுடைய அரண்மனைப் போதகர் பேராலயத்துச் சிலைகளையும் படங்களையும் அகற்றினார். நகர மக்கள் முகம் சுளித்தனர். மாமனார் ஜேம்ஸ் படை அனுப்பிக் கை கொடுக்கவில்லை. ஜெர்மானியப் புராட்டஸ்டண்டுக் கோமான்களின் கூட்டணியோ ஒதுங்கி நின்றது. 1620 நவம்பர் 8-ல், பிராக்கை அடுத்த வெள்ளை மலையில் நடந்த போர் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. பிரடெரிக் குடும்பத்தோடு ஓடினான். ஒரே குளிர்காலம் ஆண்டவன். ஆகவே பனிக்கால மன்னன் என்ற கேலிப் பெயர் நிலைத்தது.

மன்னன் ஓடினான், ஓடமுடியாதவர்கள்? 1621 ஜூனில் பிராக் நகரச் சதுக்கத்தில், கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் உயிர் பறிக்கப்பட்டது. 1622-ல் ஹைடல்பர்க் வீழ்ந்தது. அதன் புகழ்மிக்க நூலகம் போப்பாண்டவருக்குப் பரிசாக ரோமுக்கு ஏற்றப்பட்டது.

1623-ல் பிரடெரிக்கின் ஓட்டும் பறிக்கப்பட்டு, பவேரியாவின் மாக்சிமிலியனுக்கு அளிக்கப்பட்டது. யார் அவன்? அதே விட்டல்ஸ்பாக் குலத்தின் மற்றொரு கிளை! தண்டித்தபோதும் ஓட்டு அந்தக் குலத்தை விட்டு வெளியே போகவில்லை.

ஹாலந்தில் அடைக்கலம் புகுந்த பிரடெரிக், 1629-ல் மூத்த மகனைப் படகு விபத்தில் பறிகொடுத்தான். 1632 நவம்பர் 29-ல் மைன்ஸ் நகரில் காய்ச்சலால் மாண்டான். வயது 36. அவன் உடல் புதைந்த இடம் இன்றளவும் அறியப்படவில்லை.

அவன் முடியேற்றதை ஒட்டி மூண்ட தீ முப்பதாண்டுப் போராய் ஜெர்மனியைச் சுட்டது. ஊர்கள் பாழாயின, பஞ்சமும் கொள்ளைநோயும் குடிகளைக் கொன்றன. 1648-ல் சமாதானம் பேசியவர்கள் எட்டாவதாக ஓர் ஓட்டை உண்டாக்கினர். யாருக்கு? வயலை இழந்த உழவனுக்கா? தறியை இழந்த நெசவாளிக்கா? பிரடெரிக்கின் மகன் கார்ல் லுட்விக்குக்கு!

1692-ல் ஒன்பதாவது ஓட்டு பிறந்தது. அதைப் பெற்ற ஹனோவர்க் கோமான், பிரடெரிக்கின் மகள் சோபியாவின் கணவன். சோபியாவின் மகன் ஜார்ஜ் 1714-ல் பிரிட்டனின் மன்னன் ஆனான். 1858 முதல் நம் நாட்டையும் தன் முடியின்கீழ் ஆண்ட விக்டோரியா, அந்த ஜார்ஜின் வழிவந்தவளே. வெள்ளை மலையில் தோற்றவனின் இரத்தவழி, வேலூரையும் வேலியிட்டு ஆண்டது!

1806-ல் அந்தப் பேரரசே கலைந்தது. ஓட்டுரிமைக் கோமான்களின் தேர்தலும் அதோடு முடிந்தது. தோழர்களே, தேர்தல் என்ற பெயர் அங்கே நானூற்றைம்பது ஆண்டு இருந்தது. ஓட்டோ தொட்டிலைத் தேடிச் சென்றது. உழைத்தவன் குடிசையைத் தேடி வரவில்லை. ஆலையிலிருந்து அழுக்குச் சட்டையோடு வந்து வரிசையில் நிற்பவனிடம் இன்று இருக்கும் ஒரு சீட்டு, அன்று பிரடெரிக்கின் குடிகளில் ஒருவரிடமும் இல்லை. அதன் விலையை அவன் அறியவேண்டும் என்பதற்காகவே இந்தக் கதை.