கிடைத்த எஞ்சினைக் கொண்டு சாதித்தவர்!

சின்னஞ்சிறு கார். அதில் நான்கு பேர் வசதியாக உட்காரவேண்டும். பெட்டி படுக்கை வைக்கவும் இடம் வேண்டும். ஆனால், அதற்கென்று புதிய எஞ்சின் செய்யக்கூடாது. கம்பெனியில் ஏற்கனவே உள்ள எஞ்சினைத்தான் பொருத்தவேண்டும்.

1957-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு என்ஜினீயருக்கு இப்படி ஒரு கட்டளை வந்தது. அதை நிறைவேற்றி அவர் உலகப்புகழ் பெற்றார்.

அவர்தான் அலெக் இசிகோனிஸ்.

கணக்கில் தோல்வி

1906-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஸ்மர்னா நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் என்ற பெயரில் இருக்கும் ஊர் அது. தந்தை கிரேக்க வம்சத்தவர், பிரிட்டிஷ் பிரஜை. தாய் ஜெர்மன்காரர். தந்தை, கப்பல் எஞ்சின் பட்டறை நடத்திவந்தார்.

1922-ல் போர் அந்த ஊரைச் சூழ்ந்தது. பட்டறையையும் வீட்டையும் விட்டுவிட்டு, குடும்பத்தார் பிரிட்டிஷ் கப்பலில் ஏறி மால்டா தீவுக்குத் தப்பிச் சென்றனர். அங்கே தந்தை காலமானார்.

தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். லண்டனில் என்ஜினீயரிங் படித்தார் அலெக். படம் வரைவதில் கெட்டிக்காரர். ஆனால் கணக்கு வரவில்லை. கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றார். அப்படியும் அவர் மனம் தளரவில்லை. 1936-ல் மாரிஸ் கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

"கொசு" கார்

இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போர் முடிந்ததும் ஏழை எளியவர்கள் வாங்கக்கூடிய சிறிய கார் ஒன்றை விற்க வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. அந்தப் பொறுப்பு இசிகோனிசிடம் வந்தது. அந்தக் காருக்கு முதலில் வைத்த பெயர் "மஸ்கிட்டோ". அதாவது கொசு!

அதற்குப் புதுவிதமான எஞ்சின் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதில் நான்கு சிலிண்டர்கள். பக்கத்துக்கு இரண்டாக, எதிரும் புதிருமாகப் படுத்திருக்கும். எஞ்சின் தாழ்வாக இருந்தால், வளைவுகளில் கார் தள்ளாடாது. அந்த எஞ்சினுக்கு ஏற்றபடி முன்பக்கத்தை அகலமாக அமைத்தார்.

ஆனால், செலவு அதிகம் என்று அந்த எஞ்சின் கைவிடப்பட்டது. போருக்கு முன் செய்யப்பட்ட 918 சி.சி. பழைய எஞ்சினே பொருத்தப்பட்டது. இசிகோனிசுக்கு இது பெரிய ஏமாற்றம்.

காரை உற்பத்தி செய்யும் நேரம் நெருங்கியது. கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. உடனே, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் தள்ளித்தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் கூட்டியதும் திருப்தி ஏற்பட்டது. அந்தக் கார்தான், 1948-ல் வெளிவந்த "மாரிஸ் மைனர்".

எஞ்சின் மாறியது

1952-ல் மாரிஸ் கம்பெனியும், அதன் போட்டிக் கம்பெனியான ஆஸ்டினும் ஒன்றாயின. ஆஸ்டினின் 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள் வந்தது. அளவில் சிறியது. ஆனால் பழைய எஞ்சினைவிடச் சக்தி அதிகம். 1956-ல் அது 948 சி.சி. ஆயிற்று, 1962-ல் 1098 சி.சி. ஆயிற்று.

1098 வந்தபோது, முன்சக்கர பிரேக்கும் பெரிதாக்கப்பட்டது. எஞ்சினை மாற்ற நினைப்பவர்கள் கவனிக்கவேண்டிய பாடம் இது. வேகத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. நிறுத்தவும் வழி செய்யவேண்டும். பழைய மைனரில் அதே வகையைச் சேர்ந்த 1275 சி.சி. எஞ்சினைப் பொருத்துகிறவர்கள், பிரேக்கையும் கியர் பெட்டியையும் முதலில் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

குறுக்கே வைத்தார்!

1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை மூண்டது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் சின்னக் கார் உடனே வேண்டும் என்றார், கம்பெனித் தலைவர் லெனார்டு லார்டு. அப்போது இட்ட கட்டளைதான் முதலில் சொன்னது.

இந்தத் தடவையும் இசிகோனிசுக்குப் புது எஞ்சின் இல்லை. மைனரில் இருந்த அதே வகை எஞ்சின்தான். அதை வழக்கம்போல் நீளவாக்கில் வைத்தால், ஆட்கள் உட்கார இடம் போதாது.

யோசித்தார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியிலேயே அமைத்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். முன்சக்கரங்களே காரை இழுத்தன. சக்கரத்தின் குறுக்களவு 10 அங்குலம்தான். காரின் நீளம் 10 அடி. அதற்குள் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்!

ஓட்டிப் பார்த்தபோது, 948 சி.சி. எஞ்சினுடன் கார் மணிக்கு 90 மைலுக்கு மேல் பறந்தது. சாதாரண மக்களுக்கு அது ஆபத்து என்று, 848 சி.சி. ஆகக் குறைத்தார்கள். முன்பக்கம் இருந்த கார்புரேட்டரில் பனி உறைந்து தொல்லை கொடுத்தது. எஞ்சினை முன்பின்னாகத் திருப்பினார்கள். 1959 ஆகஸ்டு மாதம் "மினி" பிறந்தது.

பந்தயக் கார் நிபுணர் ஜான் கூப்பர், 997 சி.சி. எஞ்சின் வைத்த மினியை 1961-ல் கொண்டுவரச் செய்தார். பிறகு 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் புகழ்பெற்ற மாண்டி கார்லோ பந்தயத்தில் மினி முதல் பரிசு பெற்றது.

"சர்" பட்டம்

1969-ல் இசிகோனிசுக்கு "சர்" பட்டம் வழங்கப்பட்டது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அகதியாகத் தன்னோடு கப்பலேறி வந்த தாயை, கடைசிவரை கூடவே வைத்துக் காப்பாற்றினார். 1988 அக்டோபர் 2-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

மைனர் சுமார் 16 லட்சம் விற்றது. 2000-ம் ஆண்டுவரை தயாரான மினி, 53 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இன்று தெருவில் ஓடும் சிறிய கார்களின் முன்மூடியைத் திறந்தால், பெரும்பாலும் எஞ்சின் குறுக்காகவே இருக்கும். அந்த முறையை ஊரெல்லாம் பரவச் செய்தது மினி.

அவர் ஆசைப்பட்ட எஞ்சின் அவருக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்த எஞ்சினை எப்படி வைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது!