பாரத்தை ஒப்படைத்த கிரீஷ் சந்திரர்

வங்க நாடகத்தின் தந்தை என்று போற்றப்படும் கிரீஷ் சந்திர கோஷ், 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் பிறந்தார். தந்தை நீலகமல் கோஷ், தாய் ராய்மணி. எட்டாவது பிள்ளையாகப் பிறந்த அவரை அந்தத் தாய் மடியில் எடுத்துக் கொஞ்சியதே இல்லை. ஆசையோடு அருகில் வரும் மகனைக் கடிந்து விரட்டி விடுவாள். ஒருமுறை சிறுவன் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, தாய் அழுதுகொண்டே தந்தையிடம் பேசியது அவன் காதில் விழுந்தது. மூத்த மகனைப் பறிகொடுத்ததற்குத் தன் தோஷமே காரணம் என்று அவள் நம்பியிருந்தாள். தன் பார்வை பட்டால் இவனும் போய்விடுவான் என்று அஞ்சியே விலக்கி வைத்திருந்தாள். தாய் தன்னை வெறுக்கவில்லை என்பது அன்றுதான் அவனுக்குப் புரிந்தது. ஆனால் அந்த அன்பை அனுபவிக்கக் காலம் இடம் தரவில்லை. பதினொரு வயதில் தாயையும், பதினான்கு வயதில் தந்தையையும் இழந்தான்.

கண்டிக்க ஆளில்லாத இளமை அவரை எங்கெல்லாமோ இழுத்துச் சென்றது. பள்ளிக் கல்வி முற்றுப்பெறவில்லை. எனினும் கையில் கிடைத்த நூல்களையெல்லாம் படித்துத் தீர்த்தார். ஆங்கில வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணிபுரிந்தார். மாலைப் பொழுதுகளில் நாடகம், மது, தீய சேர்க்கை. கடவுள் இல்லை என்று வாதிடுவது அன்றைய கல்கத்தாவில் படித்த இளைஞர்களின் பெருமைகளுள் ஒன்று. கிரீஷ் அதிலும் முன்னணியில் நின்றார். 1874-இல் முதல் மனைவி பிரமோதினி மறைந்தபோது உள்ளே இருந்த பழைய காயம் மீண்டும் திறந்தது. நேசித்தவர்கள் நிலைப்பதில்லை என்பது அவருடைய அனுபவம் கற்பித்த தத்துவமாயிற்று. நூலில் படித்த நாத்திகத்தைவிட இந்த நாத்திகம் ஆழமானது. வாதத்தால் இதை வெல்ல முடியாது.

மறுமணத்திற்குப் பிறகு காலரா கண்டு, மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் கிடந்தார். அப்போது சிவப்புக்கரைச் சேலை உடுத்திய ஒளிமிக்க பெண்மணி ஒருத்தி தோன்றி, மகாபிரசாதத்தை அவரது வாயில் ஊட்டுவதாகக் கண்டார். நோய் தணிந்தது. அந்த முகம் மட்டும் நினைவில் பதிந்து நின்றது.

ஸ்ரீராமகிருஷ்ணரை அவர் முதன்முதலில் கண்டது ஒரு பக்தரின் இல்லத்தில். அந்தி நேரம், எதிரே விளக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. பரவச நிலையிலிருந்து மீண்டுகொண்டிருந்த குருதேவர், மாலையாகி விட்டதா என்று வினவினார். விளக்கைப் பார்த்தும் தெரியாதவர்போல் கேட்பது வேஷம் என்று முடிவு கட்டிக்கொண்டு கிரீஷ் வெளியேறினார். நடிகர்களை உருவாக்கியவருக்கு எதைக் கண்டாலும் நடிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1884 செப்டம்பர் 21 அன்று ஸ்டார் தியேட்டரில் சைதன்ய லீலை நாடகத்தைக் காணக் குருதேவர் வந்தார். நாடகத்தை எழுதிய கிரீஷ் எழுந்து வணங்கினார்; குருதேவர் பதிலுக்கு வணங்கினார்; இவர் மறுபடி வணங்க, அவரும் மறுபடி வணங்கினார். இது முடியப் போவதில்லை என்று கண்ட கிரீஷ், கடைசி வணக்கத்தை மனத்தளவில் செலுத்திவிட்டு அவரை மாடத்தில் அமர்த்தினார். அடுத்தடுத்த சந்திப்புகளில் அவருடைய மனம் கரையத் தொடங்கியது. ஆயினும் கரைந்தது அகந்தை மட்டுமல்ல. அடைத்து வைத்திருந்த சினமும் வெளிப்பட்டது. ஒருநாள் மதுமயக்கத்தில், குருதேவர் தம் மகனாகப் பிறக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தார். அது கிட்டாதபோது பலர் நடுவே அவரைக் கேட்கக் கூசும் சொற்களால் ஏசினார். பக்தர்கள் கொதித்தெழுந்தனர். குருதேவரோ தாமே வண்டியேறிக் கிரீஷின் வீட்டிற்கே சென்றார். தான் விரட்டினாலும் போகாத ஓர் அன்பை, தாய் மடி அறியாத அந்த மனிதர் தமது நாற்பதாம் வயதில்தான் கண்டார்.

மதுவை விடு என்று குருதேவர் அவரிடம் கூறியதே இல்லை. காலையும் மாலையும் இறைவனை நினைக்கும்படி மட்டும் கேட்டார். கிரீஷ் பேசாதிருந்தார், வாக்களித்துவிட்டு மறந்துபோனால் என்ன செய்வது? அப்படியானால் உணவுக்கு முன்பும் உறக்கத்திற்கு முன்பும் நினைத்தால் போதும் என்றார் குருதேவர். நாடகக்காரனின் வாழ்வில் உணவுக்கும் உறக்கத்திற்கும் நேரம் ஏது? அதற்கும் மௌனமே பதில். இறுதியாக, பகல்மா கொடுத்துவிடு என்றார் குருதேவர். பகல்மா என்பது நம் காரியங்களை நடத்தும் முழு உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கிரீஷ் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ஜபம் இல்லை, நியமம் இல்லை. சுமை இறங்கிற்று என்றே எண்ணினார்.

இந்த நிகழ்ச்சியை, எந்த முயற்சியும் இன்றிக் கிடைத்த அருளுக்கு உதாரணமாகப் பலர் எடுத்துக் காட்டுவதுண்டு. கிரீஷின் பிற்கால வாழ்வு அதற்கு இடம் தருவதாக இல்லை. ஒருநாள் குருதேவரின் முன்னிலையில் ஏதோ ஒரு செயலைத் தாம் செய்யப் போவதாகச் சாதாரணமாகச் சொன்னார். உடனே குருதேவர் குறுக்கிட்டு, இறைவன் திருவுளமிருந்தால் செய்வேன் என்று கூறும்படி திருத்தினார். உரிமையை எழுதிக் கொடுத்தவன் நான் செய்வேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு மூச்சையும் கவனிக்கும் கட்டாயம் ஏற்பட்டது. குறிப்பிட்ட நேரத்து ஜபத்திற்கு முடிவு உண்டு, இதற்கு முடிவே இல்லை என்று பிற்காலத்தில் அவர் இளம் பக்தர்களிடம் கூறுவதுண்டு.

1886 ஜனவரி முதல் நாள், காசிப்பூர்த் தோட்டத்தில் குருதேவர் கல்பதருவாக நின்று அன்பர்களுக்கு அருளியபோது, மண்டியிட்டு முதலில் போற்றியவர் கிரீஷே. அதே ஆண்டு ஆகஸ்ட் 16-இல் குருதேவர் மகாசமாதி அடைந்தார்.

அதன் பிறகுதான் பகல்மாவின் முழுப் பொருள் விளங்கலாயிற்று. இரண்டாவது மனைவியும் காலமானார். அவர் விட்டுச் சென்ற ஆண் குழந்தையைக் குருதேவரே தமக்கு மகனாக வந்திருப்பதாகக் கிரீஷ் நம்பினார். பேச்சு வராத அக்குழந்தை ஒருநாள், வராகநகரில் தூய அன்னை ஸ்ரீசாரதா தேவியார் தங்கியிருந்த வீட்டில், மாடியைச் சுட்டிக் காட்டித் தந்தையை இழுத்தது. தாம் பாவி, அன்னையைக் காணத் தகுதியற்றவர் என்று அதுவரை ஒதுங்கியே நின்ற கிரீஷ், உடல் நடுங்க, கண்ணீர் வழிய, குழந்தையைச் சுமந்தபடி மேலே சென்று அன்னையின் திருவடிகளில் விழுந்தார். குழந்தை அவரை அங்கே சேர்ப்பித்தது. பின்னர் மூன்று வயதளவில் அதுவும் மறைந்தது.

பழைய கிரீஷாக இருந்திருந்தால் இந்த இடியில் மதுவிற்குள் மூழ்கியிருப்பார். அல்லது வானத்தை நோக்கி ஏசியிருப்பார். இப்போது எவரிடம் முறையிடுவது? உரிமையைக் கொடுத்தாயிற்று, நடத்துபவரைக் கணக்குக் கேட்க வழியில்லை. துயரம் இல்லாமல் இல்லை; நெஞ்சு வெந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தம்முடையது என்று பற்றிக்கொள்வதை மட்டும் அவர் மெல்ல மெல்லக் கற்று மறந்தார்.

1891-இல் சுவாமி நிரஞ்ஜனானந்தர் அவரை ஜெயராம்பாடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே அன்னையின் முகத்தை நிமிர்ந்து நோக்கியவர் திகைத்துப் போனார். காலரா கண்டிருந்த இரவில் பிரசாதம் ஊட்டிய முகம் அது. தாங்கள் எத்தகைய தாய் என்று அன்னையிடமே கேட்டார். குருவின் மனைவி என்பதாலோ, வாய்ச்சொல்லுக்காகவோ அல்ல, உண்மையாகவே தாம் தாய் என்று அன்னை விடையளித்தார். அந்தக் குக்கிராமத்தில் தம் படுக்கை விரிப்பு வெள்ளை வெளேரென்று இருப்பதைக் கண்டு வியந்தவர், அன்னையே அதைக் குளத்திற்கு எடுத்துச் சென்று துவைத்து வந்தார் என்று அறிந்து உருகிப் போனார். தன் பார்வை படக்கூடாதென்று மகனை விலக்கிய ஒரு தாயின் நினைவு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவருள் இருந்தது. ஜெயராம்பாடியில் அவர் வயலில் உலவினார், கிராமத்தாரோடு பாடினார், சிறுவனைப்போல் இருந்தார்.

துறவு பூண வேண்டும் என்றும் அன்னையிடம் வேண்டினார். அன்னை இசையவில்லை. கிரீஷ் கல்கத்தாவிற்கும் நாடக மேடைக்குமே திரும்பினார். 1893-இல் தாம் வங்காளத்தில் பெயர்த்த மாக்பெத் நாடகத்தை மினர்வா தியேட்டரில் அரங்கேற்றினார். ஆண்டுகள் செல்லச் செல்ல மது தானாகவே அவரை விட்டு அகன்றது. ஹோமியோபதி நூல்களைப் பயின்று, அண்டை அயலில் உள்ள ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தார். நாடகத்தைக் கைவிட வேண்டுமா என்று முன்பு குருதேவரிடமே கேட்டபோது, அதனால் மக்களுக்கு நன்மை விளைகிறது, தொடரட்டும் என்ற விடையே கிடைத்திருந்தது.

ஆஸ்துமா முற்றியிருந்த நிலையில், 1911 ஜூலையில் ஒரு மழை இரவில் பலிதான் நாடகத்தில் நடிக்க வேண்டியிருந்தது. கூட்டம் சொற்பம். வேண்டாம் என்று தடுத்தவர்களிடம், இந்த மழையிலும் தம்மைக் காண வந்தவர்களை ஏமாற்ற இயலாது என்று கூறிவிட்டு மேடை ஏறினார். அதன் பிறகு அவர் நடிக்கவில்லை. 1912 பிப்ரவரி 8-ஆம் நாள், குருதேவரின் பெயரைச் சொல்லி, இந்த உலக மயக்கத்தைத் தெளிவித்தருளுமாறு வேண்டியபடியே கண் மூடினார்.