தீனபந்து ஆண்ட்ரூஸ்

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஒரு காலத்தில் பினாங்குத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான தமிழரை இறக்கிவிட்டன. அவர்களுள் பலர் அக்கரையிலுள்ள செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறைதான். மலாயாவில் 1910ஆம் ஆண்டு இம்முறை ஒழிக்கப்பட்டது. ஆனால், பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் அது நீடித்தது. 1903ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்தும் மக்கள் அங்கே கப்பலேற்றப்பட்டனர். அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டப் போராடியவர்களுள் ஒருவர், ஆளும் இனத்திலேயே பிறந்த பாதிரியார் சார்லஸ் பிரியர் ஆண்ட்ரூஸ்.

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று பாதிரியாரான அவர், 1904ஆம் ஆண்டு டில்லி புனித ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அக்கல்லூரியின் முதல்வர் பதவி ஆங்கிலேயருக்கே உரியது என்பது அக்கால வழக்கம். ஆண்ட்ரூசோ, தம்மினும் மூத்த ஆசிரியரான சுசில் குமார் ருத்ராவே அப்பதவிக்கு உரியவர் என்று வாதாடினார். 1906ஆம் ஆண்டு ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார்.

1914ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆண்ட்ரூஸ் தம் நண்பர் பியர்சனுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே இந்தியரின் உரிமைக்காகப் போராடிய காந்தியடிகள் அவரை வரவேற்க வந்திருந்தார். மழித்த தலையும் கூலியாள் உடையுமாக நின்ற அவரை ஆண்ட்ரூசுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் காட்டிய பிறகே தெரிந்தது. உடனே குனிந்து காந்தியடிகளின் பாதங்களைத் தொட்டார். நிறவெறி மிகுந்த அந்நாட்டில் வெள்ளையர் ஒருவர் இப்படிச் செய்தது சிறிய செயலன்று. அங்கிருந்த வெள்ளையர் பலர் முகம் சுளித்தனர்.

அடுத்த ஆண்டு இருவரும் பிஜிக்குச் சென்றனர். தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளரின் குடியிருப்புகளுக்குள்ளேயே சென்று விசாரித்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், குறித்த வேலையை முடிக்காவிட்டால் அபராதம் அல்லது சிறை. இத்தண்டனைகளைப் பற்றி, இந்தியாவில் கைநாட்டு வாங்கிய ஒப்பந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால் குடும்ப வாழ்வு சிதைந்தது. தற்கொலைகள் பெருகின. இவற்றையெல்லாம் ஆண்ட்ரூஸ் 1916ஆம் ஆண்டு அறிக்கையாக வெளியிட்டார். தோட்ட முதலாளிகள் சினந்தனர். அவரோ 1917ஆம் ஆண்டு மீண்டும் பிஜிக்கே போய் நின்றார். இந்தியத் தலைவர்கள் பலரும் குரல் கொடுக்க, அவ்வாண்டே ஆள் அனுப்புவது நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ரத்தாயின.

1921ஆம் ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டங்களைவிட்டு வெளியேறிய தொழிலாளர்கள் சாந்த்பூரில் சிக்கித் தவித்தனர். அவர்களிடையே காலரா பரவியபோது ஆண்ட்ரூஸ் அங்கேயே தங்கிப் பணிசெய்தார். பின்னர் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். ஏழைகளின் உறவினர் என்னும் பொருளில் மக்கள் அவரைத் தீனபந்து என்று அழைத்தனர். 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் காலமான அவர், அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.