முதுகில் மூட்டை, கையில் கேமரா: 30 வருஷம் பாரீஸ் தெருக்களைச் சுற்றிய மனுஷன்!

கொலை நடந்த இடத்துக்குப் போலீஸ் போட்டோகிராபர் வருவார். கூட்டத்தை விலக்கிவிடுவார்கள். சுவர், கதவு, படிக்கட்டு, சந்து என்று ஒன்று விடாமல் படம் பிடிப்பார். நாளைக்குக் கோர்ட்டில் அதுதான் சாட்சி.

பாரீஸ் நகரம் முழுவதையும் ஒருவர் இப்படிப் படம் பிடித்து வைத்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 30 வருஷம்!

அவர் பெயர் யூஜின் அட்ஜே.

1927-ல் அவர் செத்தபோது அவரைத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான். இன்று போட்டோ கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

அனாதைச் சிறுவன்

அட்ஜே பாரீஸ்காரர் அல்ல. பிரான்சு நாட்டில் போர்டோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள லிபூர்ன் என்ற ஊரில் 1857-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி பிறந்தார். அப்பா வண்டி செய்யும் தொழிலாளி.

அட்ஜேக்கு 5 வயசு இருக்கும்போது அப்பா இறந்தார். கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டார். தாத்தா, பாட்டிதான் வளர்த்தார்கள்.

படிப்பு முடிந்ததும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அது பிடிக்கவில்லை. நாடகத்தில் நடிக்க வேண்டும் என்ற ஆசையில் 1878-ல் பாரீசுக்கு வந்தார்.

நாடகப் பள்ளிக்கூடத்தில் முதல் பரீட்சையில் பெயில். இரண்டாவது தடவை இடம் கிடைத்தது. அதற்குள் கட்டாய ராணுவ சேவை வந்து மாட்டிக்கொண்டது. பாதி நேரம் பட்டாளம், பாதி நேரம் படிப்பு என்றால் எப்படி நடக்கும்? 1881-ல் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேஷம். அங்கேதான் 1886-ல் வாலன்டீன் என்ற நடிகையைச் சந்தித்தார். கடைசிவரை அட்ஜேக்குத் துணையாக இருந்தவர் அந்த அம்மாள்தான்.

1887-ல் அட்ஜேயின் தொண்டையில் நோய் வந்தது. குரல் போனது. குரல் போன நடிகனுக்கு மேடையில் என்ன வேலை? நாடகம் அத்தோடு முடிந்தது.

வாசலில் ஒரு பலகை

படம் வரைந்து பார்த்தார். அதிலும் பிழைப்பு நடக்கவில்லை. கடைசியில் கேமராவைக் கையில் எடுத்தார்.

1890 வாக்கில் மறுபடியும் பாரீசுக்கு வந்தார். அப்புறம் மோன்பார்னாஸ் பகுதியில் ஐந்தாவது மாடியில் குடியிருந்தார். வாசலில் ஒரு பலகை மாட்டினார். ஓவியர்களுக்குத் தேவையான ஆதாரப் படங்கள் இங்கே கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

ஓவியர் ஒருவர் மரம் வரைய வேண்டுமா? குதிரை வண்டி வரைய வேண்டுமா? அட்ஜேயிடம் வந்தால் படம் கிடைக்கும். தன்னைக் கலைஞன் என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. சரக்கு விற்கும் வியாபாரி மாதிரிதான் படம் விற்றார்.

கடப்பாரைக்கு முன்னால் கேமரா

1897-98-ல் அவருடைய வேலை திசை திரும்பியது. பழைய பாரீசைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

காரணம் இருக்கிறது. 1853-லிருந்து 1870 வரை ஓஸ்மான் என்ற பெரிய அதிகாரி, சக்கரவர்த்தி 3-ம் நெப்போலியன் உத்தரவுப்படி பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகல ரோடுகள் போட்டார். அவர் போன பிறகும் இடிப்பு நிற்கவில்லை. பாக்கி இருந்த சந்துகளும் பழைய மாளிகைகளும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. பழைய பாரீசைக் கவனிப்பதற்கென்றே 1897-ல் நகராட்சி ஒரு கமிஷன் போட்டது.

கடப்பாரை வருவதற்கு முன்னால் அட்ஜே போய் நின்றார்.

பியேவ்ர் என்று ஒரு சின்ன ஆறு பாரீசுக்குள் ஓடியது. கரை நெடுக தோல் பதனிடும் தொட்டிகள். ஒரே நாற்றம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்து, 1912-ல் நகரத்துக்குள் முழுசாக மூடிவிட்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடக்கிறவனுக்குக் காலுக்குக் கீழே ஆறு இருப்பது தெரியாது. அட்ஜேயின் படத்தில் ஆறு இருக்கிறது. தோல் தொட்டியும் இருக்கிறது.

ஈஃபிள் கோபுரம் 1889-ல் எழுந்தது. உலகமே அண்ணாந்து பார்த்தது. அட்ஜே அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை என்றே சொல்லலாம். நோட்டர்டாம் மாதாகோவிலைப் படம் பிடித்தார். அதையும் ஆற்றங்கரை மரக்கிளைகளுக்குப் பின்னால் வைத்துப் பிடித்தார்.

மற்றபடி கதவுப் பிடி, மாடிப்படிக் கம்பி, கடைப் பெயர்ப்பலகை, கிணற்றடி, கண்ணாடி ஜன்னலில் நிற்கும் துணிக்கடைப் பொம்மை, தெருவில் கூவி விற்கும் ஏழைகள், ஊர் எல்லையில் குப்பை பொறுக்கும் குடும்பங்கள். இதுதான் அவர் கண்ட பாரீஸ்.

தெருவில் ஆவி!

அவருடைய கேமரா துருத்தி வைத்த மரப்பெட்டி. மூன்று கால் ஸ்டாண்டு. பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு. ஒவ்வொரு தகடும் 18 சென்டிமீட்டருக்கு 24 சென்டிமீட்டர். அத்தனையும் மூட்டையாகச் சுமந்துகொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது.

ஒரு படம் பிடிக்கக் கேமராவின் கண்ணைச் சில விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். கட்டடம் அசையாது, சுத்தமாக விழும். குறுக்கே யாராவது நடந்தால் புகை மாதிரி ஒரு நிழல்தான் விழும். அவருடைய சில படங்களில் தெருவில் ஆவி உலாவுவது போல் இருப்பது இதனால்தான்.

1908-ல் எடுத்த ஒரு படத்தில் ஓட்டல் கதவுக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அதே கண்ணாடியில் கேமராவும் அட்ஜேயும் மங்கலாகத் தெரிகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தகட்டைத் தாளோடு சேர்த்து வெயிலில் வைப்பார். சூரியன்தான் படத்தை அச்சடிக்கும். தேசிய நூலகமும் கார்னவாலே மியூசியமும் அவரிடம் படம் வாங்கின. வந்த காசு வீட்டுச் செலவுக்குப் போனது.

10 ஆயிரம் பிராங்க்

1914-ல் உலக யுத்தம் மூண்டது. வாலன்டீனின் மகன் போர்முனையில் செத்தான். அட்ஜே கண்ணாடித் தகடுகளைப் பத்திரமாக நிலவறையில் இறக்கி வைத்தார். யுத்தம் முடியும்வரை அவர் அதிகமாகப் படம் பிடிக்கவில்லை.

யுத்தம் ஓய்ந்தபோது வயசு 60 தாண்டிவிட்டது. வாரிசு கிடையாது. தொழிலைக் கற்றுக்கொண்டு பின்னால் நடத்தவும் ஆள் இல்லை. தான் கண் மூடினால் இந்தத் தகடுகளை விஷயம் தெரியாத எவனாவது வாரிக்கொண்டு போய்ப் பாழாக்கிவிடுவானே என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

1920-ல் அரசாங்கக் கலைத்துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பழைய பாரீஸ் முழுவதும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அரசாங்கம் 2 ஆயிரத்து 621 தகடுகளை வாங்கிக்கொண்டு 10 ஆயிரம் பிராங்க் கொடுத்தது. ஒரு தகடு 4 பிராங்க் கூட ஆகவில்லை!

அதற்கு அவர் அழவில்லை. பத்திரமான இடத்துக்குப் போயிற்றே என்று நிம்மதி அடைந்தார். கையில் கொஞ்சம் காசு வந்ததும் தனக்குப் பிடித்த பழைய தோட்டங்களைத் தேடிப் போனார். 68 வயசிலும் பொழுது விடியும்போது சோ பூங்காவில் கேமராவோடு நின்றார்.

அவர் சாப்பாடு ரொட்டி, பால், சர்க்கரைக் கட்டி. வேறு எதையும் தொடமாட்டார்.

பெயர் வேண்டாம்

அதே தெருவில் மேன் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் குடியிருந்தார். கிழவரின் படங்களைப் பார்த்து அசந்துபோய் 40-க்கு மேல் வாங்கினார். அவருடைய நண்பர்கள் நடத்திய பத்திரிகையின் அட்டையில் 1926 ஜூனில் அட்ஜேயின் படம் ஒன்று வந்தது. 1912-ல் சூரிய கிரகணத்தன்று பாரீஸ் ஜனங்கள் கும்பலாக வானத்தைப் பார்க்கும் படம்.

தன் பெயரைப் போட வேண்டாம், இது வெறும் ஆதாரப் படம்தான் என்று அட்ஜே கேட்டுக்கொண்டார். அப்படியே பெயர் இல்லாமல் வந்தது.

அதே ஜூன் மாதம் வாலன்டீன் இறந்தார். 40 வருஷத் துணை போன பிறகு கிழவர் ஒடுங்கிவிட்டார்.

கடைசிப் படம்

மேன் ரேயிடம் உதவியாளராக இருந்தவர் பெரெனிஸ் அபாட் என்ற அமெரிக்கப் பெண். தனியாக ஸ்டூடியோ வைத்த பிறகு, 1927-ல் அட்ஜேயை அழைத்துப் படம் எடுத்தார். ஒட்டுப்போட்ட வேலைச் சட்டையோடு வருவார் என்று எதிர்பார்த்தார். கிழவரோ நல்ல ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டார்! நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்தார்கள்.

பிரிண்டு போட்டு எடுத்துக்கொண்டு அபாட் அவர் வீட்டுக்குப் போனார். பார்க்க ஆள் இல்லை. 1927 ஆகஸ்டு 4-ந்தேதி அட்ஜே செத்துவிட்டார். வயசு 70.

வாழ்நாள் முழுவதும் ஊரையே படம் பிடித்தவர், தன் படத்தைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்.

அவர் பயந்தது நடந்திருக்கும். வீட்டில் இருந்த தகடுகள் குப்பைக்குப் போயிருக்கும். அபாட் விடவில்லை. அட்ஜேயின் பழைய நாடக நண்பர் ஆந்த்ரே கால்மெட்தான் பாக்கிச் சரக்கைப் பொறுப்பில் வைத்திருந்தார். அபாட் தேடிப் பிடித்துப் பேசி 1928-ல் அத்தனையும் வாங்கினார். ஆயிரத்துக்கு மேல் தகடுகள், பல ஆயிரம் பிரிண்டுகள். எல்லாம் கப்பலேறி அமெரிக்கா போயின.

அங்கே நியூயார்க்கில் பழைய வீடுகளை இடித்து வானளாவிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அட்ஜே பாரீசுக்குச் செய்ததை அபாட் நியூயார்க்குக்குச் செய்தார். 1939-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன.

அட்ஜேயின் சொத்தை அபாட் 40 வருஷம் கட்டிக் காத்தார். 1968-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் 50 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியது. 1981-லிருந்து 1985 வரை நாலு பெரிய புத்தகமாக வெளியிட்டது. அட்டையில் அட்ஜேயின் பெயர் இருந்தது.

அவர் படம் பிடித்த வீடுகளில் எத்தனையோ இன்று தரைமட்டம். அவை எப்படி இருந்தன என்று யாராவது கேட்டால், அந்தக் கண்ணாடித் தகடுகள்தான் இன்றைக்கும் சாட்சி சொல்கின்றன.