'கடவுள் இருக்கிறார்' என்பது பொய்கூட இல்லை என்றவர்: யார் இந்த ஏ.ஜே. அயர்?

கடவுள் இல்லை என்று சொன்னவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால், இங்கிலாந்து தத்துவவாதி ஏ.ஜே. அயர் 1936இல் சொன்னது வேறு. 'கடவுள் இருக்கிறார்' என்பது பொய்யாக இருக்கக்கூடத் தகுதியில்லாத, அர்த்தமே இல்லாத வாக்கியம் என்றார் அவர். அப்படின்னா 'கடவுள் இல்லை' என்பதும் அதே கதிதான். நாத்திகர்களுக்கும் இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை!

1910இல் லண்டனில் பிறந்த அயர், ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். ஆசிரியர் கில்பர்ட் ரைல் சொன்னதைக் கேட்டு 1932 கடைசியில் வியன்னாவுக்குப் போனார். மோரிட்ஸ் ஷ்லிக் தலைமையில் தத்துவவாதிகளும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசும் 'வியன்னா வட்டம்' அங்கே இருந்தது. சில மாதங்கள் அதில் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பி எழுதிய புத்தகம்தான் 'மொழி, உண்மை, தர்க்கம்'. வெளியானபோது அவருக்கு வயது 25.

புத்தகத்தின் மையம் ஒரே ஒரு விதி. உலகைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால், எதைப் பார்த்தால் அது சரி, எதைப் பார்த்தால் தப்பு என்று சொல்லத் தெரிய வேண்டும். இப்போதே சோதித்துக் காட்ட வேண்டும் என்பதில்லை. நிலவின் மறுபக்கத்தில் மலைகள் உண்டு என்ற வாக்கியத்தை அவரே உதாரணம் காட்டினார். அன்று அங்கே போக ராக்கெட் கிடையாது. ஆனாலும், போனால் என்ன பார்க்க வேண்டும் என்பது தெரியும். அதனால் அர்த்தம் உண்டு. (1959இல் சோவியத் விண்கலம் லூனா 3 அந்தப் பக்கத்தைப் படமே எடுத்துவிட்டது.) கடவுள் விஷயத்தில் அப்படி எதைப் பார்ப்பது?

மடக்கிவிட்டார் போலத்தான் தெரியும். ஆனால், அந்த விதியை எதை வைத்துச் சோதிப்பது? அதுவே ஒரு பார்வையாலும் நிரூபிக்க முடியாத வாக்கியமாயிற்றே! அது ஒரு வரையறை மட்டும்தான் என்பது அயரின் பதில். சரி, வரையறை என்றால் பக்தர் ஏன் அதை ஏற்க வேண்டும்? இந்த ஓட்டையை அவரால் கடைசிவரை அடைக்க முடியவில்லை என்றே தோன்றுகிறது. 1946இல் விதியைத் திருத்தினார். திருத்திய விதிப்படி எந்த அபத்தமும் உள்ளே நுழைந்துவிடும் என்று 1949இல் தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச் காட்டினார். அதே ஆண்டு பிபிசி வானொலியில் இயேசு சபைப் பாதிரியார் கோப்பிள்ஸ்டனோடு நேருக்கு நேர் விவாதமும் நடந்தது.

விதியை ஏற்றுக்கொண்டே பதில் சொன்னவர் ஜான் ஹிக். சமய வாக்கியங்களையும் சோதிக்கலாம், ஆனால் இறந்த பிறகு என்று 1960இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். கிண்டல் மாதிரி இருந்தாலும் சீரியஸான வாதம். நிலவின் மறுபக்கத்துக்கு ஒரு நியாயம், மரணத்தின் மறுபக்கத்துக்கு வேறு நியாயமா?

அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு அயருக்கே வந்தது என்பதுதான் வேடிக்கை. 1988இல் நிமோனியாவுக்காக லண்டன் மருத்துவமனையில் இருந்தபோது சால்மன் மீன் துண்டு தொண்டையில் சிக்கி, இதயம் நான்கு நிமிடம் நின்றது. பிழைத்தவர் கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். கண்ணைக் குத்தும் சிவப்பு வெளிச்சம். பிரபஞ்சத்தை ஆள்வது அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. இடவெளி கோணலாகக் கிடந்தது. அதைக் கவனிக்க வேண்டியவர்களைக் கூப்பிடக் கைக்கடிகாரத்தை ஆட்டிப் பார்த்தார், யாரும் திரும்பவில்லை.

மரணத்தோடு எல்லாம் முடியும் என்ற தன் நம்பிக்கை சற்றே தளர்ந்ததாக முதலில் எழுதினார். சில வாரங்களில் திருத்தி, தளர்ந்தது நம்பிக்கை இல்லை, அதில் தனக்கிருந்த பிடிவாதம்தான் என்றார். மறுவாழ்வு இருந்தாலும் கடவுள் இருப்பதாக ஆகாது என்பதில் மட்டும் உறுதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இறந்த பிறகும் ஆன்மா வாழ்கிறது என்ற பேச்சை 1936இல் அர்த்தமற்றவை பட்டியலில் தள்ளியவர் இவர். 1988இல் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கேள்வியையே, ஆதாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எடைபோட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் 27 அன்று, 78 வயதில் காலமானார்.